ஏலக்கா சொன்ன குறை

காய்கறி மொத்தச் சந்தையில் அவளை எல்லோரும் ஏலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏலம் விடுகிற அக்கா, அவ்வளவுதான் கணக்கு. புதிதாக வந்த லாரிக்காரர் யாராவது அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தால், "ஏன், மணக்கலையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அத்தோடு அந்த ஆள் கப்சிப். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் அந்தச் சந்தையில் ஒருவரும் கிடையாது.

ஆரம்பத்தில் அவள் பெட்டி எண்ணுகிற வேலைக்குத்தான் வந்தாள். ஒரு நாள் ஏலம் விடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் பேசுவது காற்றாகத்தான் வருகிறது, வியாபாரிகள் காதில் ஒன்றும் விழவில்லை, தக்காளியோ வெயிலில் இளகிக்கொண்டிருக்கிறது. இவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறிவிட்டாள். அன்றைக்கு ஏறியவளை அப்புறம் யாரும் இறங்கச் சொல்லவில்லை.

அவள் ஏலம் விடுவதில் ஒரு முறை உண்டு. கையில் ஒரு குட்டைக் கட்டை. அதால் பெட்டியின் விளிம்பில் ஒரு தட்டு. முதலில் சரக்கின் பெயர், அடுத்து அதன் குறை, அதற்கப்புறம்தான் விலையும் ஒரு தரம், ரெண்டு தரமும். "முட்டைக்கோஸ். மேல் இலையில பூச்சி." "வெங்காயம். அடி மூட்டை நனைஞ்சிருக்கு." தன் வாயாலேயே குறையைச் சொல்லி விற்கிறாளே என்று சரக்குக் கொண்டுவந்தவர்கள் முதலில் எகிறிக் குதித்தார்கள். ஆனால் ஏலக்கா குறை சொல்லாத சரக்கில் குறையே இருக்காது என்று வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க ஆரம்பித்ததும், எகிறியவர்களே அவள் பெட்டியைத் தேடி வந்து நின்றார்கள். இந்த வரிசை தப்பி ஒரு தரம் சொன்னது அவள் வாழ்க்கையிலேயே கிடையாது, ஒரே ஒரு நாளைத் தவிர.

அன்றைக்கு அவள் முன்னால் பீன்ஸ் மூட்டை பிரித்துக் கிடந்தது. கட்டையைத் தட்டினாள். பெயர் வரவில்லை. பச்சைப்பசேலென்று கண் முன்னால் கிடக்கிறது, நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. "ஒரு தரம்" என்றாள். திரும்பவும் "ஒரு தரம்" என்றாள். ஏலக்கா வேடிக்கை காட்டுகிறாள் என்று கூட்டம் சிரித்தது. அவள் வலது கையிலிருந்து கட்டை நழுவிக் கீழே விழுந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னார். "மூளைக்குப் போற ரத்தம் ஓரிடத்துல அடைச்சிருக்கு. பேச்சு வர்ற இடம் அடிபட்டிருக்கு. நாம பேசுறதெல்லாம் அவங்களுக்கு நல்லாவே புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது."

கிடைக்காது என்றால் அப்படி ஒரு கிடைக்காது. உன் பெயர் என்ன என்றால் ஒரு தரம். பசிக்குதா என்றால் ஒரு தரம். எதிர்வீட்டம்மா வந்து கண் கலங்கினால் அவளுக்கும் ஆறுதலாக ஒரு ஒரு தரம். எழுதிக் காட்டலாம் என்று இடது கையில் பேனாவைப் பிடித்தால் எழுத்துகளும் திசைக்கொன்றாக ஓடின. உள்ளே என்னவோ அவள் பழைய ஏலக்காதான். நாள் முழுக்க மனசுக்குள் ஊரையே வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். அத்தனையும் தொண்டை வரை வந்து, கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. ஒரு நாள் மேஜைக் காலில் கட்டைவிரல் இடித்தபோது மட்டும் "அட சனியனே" என்று தெள்ளத்தெளிவாக வந்தது. கோபத்தில் வருவது சிலருக்குத் தங்கிவிடும், நல்ல சகுனம்தான் என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். ஆக மொத்தம் ஏலக்காவிடம் மிஞ்சியது ஒரு தரமும் ஒரு சனியனும்.

அவள் வீட்டுக்காரர் ஒரு வயர்மேன். வீட்டில் பேசுகிற இலாகா முழுக்க அவளுடையது, தலையாட்டுகிற இலாகா அவருடையது. இப்படித்தான் அவர்கள் குடும்பம் இத்தனை வருஷம் சுமுகமாக ஓடியது. தொழிலில் மட்டும் அவருக்கு ஒரு பிடிவாதம். யார் வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் கிளம்பும்போது வாசலில் நின்று, "தண்ணியும் கரண்டும் சம்பந்தி ஆகக்கூடாதும்மா. ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அதுவும் கனத்த ரப்பர் செருப்பு. தொழில் பழகின நாளில் கூட வேலை செய்த ஒருவர் ஈரத்தில் நின்று கை வைத்துத் தூக்கி எறியப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர். அந்த ஆள் பிழைத்துவிட்டார். இவருடைய பயம்தான் இன்னும் தெளியவில்லை.

அப்படிப்பட்ட மனுஷரிடம் போய் டாக்டரம்மா அந்த மெஷினைப் பற்றிச் சொன்னார். "தலையில மாட்டுற ஒரு பட்டை. அதுல ரெண்டு பஞ்சு, உப்புத் தண்ணியில நனைச்சு வைக்கணும். கூட ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி. ரொம்ப லேசான கரண்ட்தான், சுள்ளுனு கொஞ்சம் தெரியும். வீட்டுலயே போட்டுக்கலாம். எங்க டெக்னீஷியன் பொண்ணு வீடியோவுல கூடவே இருப்பா. பஞ்சு சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்த்துட்டு அன்னைக்கான நம்பரைச் சொல்லுவா. அதைப் போட்டாத்தான் மெஷின் ஓடும். ஓடுற நேரத்துல படத்தைப் பார்த்துப் பேர் சொல்லிப் பழகணும். எல்லாருக்கும் பலன் கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணிப் பார்க்கலாம்."

"உப்புத் தண்ணியா?" என்று மட்டும் கேட்டார் வயர்மேன். வெறும் தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் கரண்ட் எப்படிப் பாயும் என்று அவருக்கா தெரியாது? ஏலக்காவுக்கோ கரண்டாவது ஒன்றாவது. இடியை இறக்கினால் பேச்சு வரும் என்றால் மொட்டைமாடியில் போய் நிற்கத் தயாராக இருந்தாள். "ஒரு தரம்" என்று அவள் சொன்ன தோரணையிலேயே டாக்டரம்மாவுக்குச் சம்மதம் புரிந்துவிட்டது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பா மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைப்பாள். அதில் டெக்னீஷியன் பெண் வருவாள். சின்ன வயசு, கன்னத்தில் குழி, எதற்கும் அவசரப்படாத குரல். மகள் பஞ்சை நனைத்து, அம்மாவின் முடியை வகிடெடுத்து விலக்கி, பட்டையை மாட்டுவாள். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். நம்பர் வரும். தலையில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. டெக்னீஷியன் பெண் திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டுவாள். வயர்மேன் மட்டும் ரப்பர் செருப்போடு மெயின் சுவிட்ச் பக்கத்தில் கைகட்டிக் காவல் நிற்பார். பேட்டரியில் ஓடுகிற பெட்டிக்கும் மெயின் சுவிட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று மகள் கேட்டால், "இருக்கட்டும்" என்பார்.

ஒரு நாள் சாவியின் படத்தைப் பார்த்து "சா... சாவி" என்றாள் ஏலக்கா. அடுத்த சில நாட்களில் கதவு வந்தது, தண்ணி வந்தது. ஒரு மத்தியானம் படம் எதுவும் இல்லாமலேயே, சமையலறைப் பக்கம் பார்த்து "டீ" என்றாள். வயர்மேனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அவர் போட்ட டீயையெல்லாம் குடித்து முடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போதும் என்ற வார்த்தை இன்னும் வந்திருக்கவில்லை, அதுதான் பிரச்சினை.

அப்புறம் மகளுக்கு லீவு முடிந்தது. பஞ்சு அப்பாவின் கைக்கு வந்தது.

பிடித்தது வினை. டெக்னீஷியன் பெண் பார்க்கும்படி வயர்மேன் பஞ்சைக் கிண்ணத்தில் நன்றாகத்தான் நனைப்பார். "சொட்டுது பாருங்க, கொஞ்சம் வடிச்சிட்டு வர்றேன்" என்று கிண்ணத்தோடு கை கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்புவார். அங்கே, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பிழி. துவைத்த போர்வையைப் பிழிகிற மாதிரி முறுக்கி ஒரு பிழி. மிச்சம் மீதி இருந்தால் இன்னொன்று. அதைக் கொண்டுவந்து பெண்டாட்டி தலையில் பயபக்தியோடு வைப்பார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் நம்பர் கிடையாது, மெஷின் கிடையாது, அன்றைய பயிற்சி பாழ்.

"முடியை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பாருங்கய்யா" என்பாள் அந்தப் பெண். விலக்குவார். "பட்டையை இறுக்குங்க." இறுக்குவார். பேட்டரி மாற்றிப் பார்த்தார். வயர் முனைகளைத் துடைத்துப் பார்த்தார். தன் மீட்டரைக் கொண்டுவந்து வைத்து அளந்துகூடப் பார்த்தார். ஊரில் எந்தச் சுவருக்குள் எந்த வயர் அறுந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்கிறவர், தன் கை செய்கிற வேலையை மட்டும் கணக்கில் எடுக்கவே இல்லை. "மெஷின் மட்டம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஏலக்காவுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே கையும் களவுமாகப் பார்த்துவிட்டாள். "ஒரு தரம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, பிழிவது போலக் கையைக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டுதான் பதில் சொன்னார். "ஆமா, பிழிஞ்சேன். ஈரம் இருக்குல்ல, அது போதும். சொட்டச் சொட்ட உன் தலையில வெச்சு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? நீ பேசாட்டியும் பரவாயில்ல, இருந்தாப் போதும்." மனுஷனை அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. "அட சனியனே" என்றாள்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அடுத்த நாள் உப்புத் தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளப் பார்த்தாள். பாதி தோளில் கொட்டியது, மீதி டேப்லெட்டைக் குளிப்பாட்டியது. வயர்மேன் ஓடிப் போய் வீட்டின் மெயினையே அணைத்துவிட்டார். மறுநாள் டெக்னீஷியன் பெண்ணுக்கே நேராகப் பிழிந்து காட்டினாள். "கை இழுக்குதாம்மா? தலை வலிக்குதா? அப்ப இன்னைக்கு வேண்டாம், நிறுத்திடுவோம்" என்று அந்தப் பெண் பதறிவிட்டாள். பாவம், அவளுக்குச் சட்டம் அப்படி. உடம்புக்கு ஏதாவது என்று சந்தேகம் வந்தாலே நிறுத்தியாக வேண்டும். சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தபோது அவளிடமும் அதையே செய்து காட்டினாள். "அப்பா துணியெல்லாம் துவைக்கிறாரா? பரவாயில்லையே" என்றாள் மகள். ஏலக்காவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இதற்குள் பழி அவள் தலைமுடி மேல் விழுந்தது. முடி அடர்த்திதான் காரணமோ, அங்கங்கே எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. அதையாவது மன்னித்துவிடுவாள். ஒரு நாள் மறுபடியும் சிவப்பு எரிந்ததும், டெக்னீஷியன் பெண் குழி விழாத முகத்தோடு சொன்னாள். "டாக்டரம்மா சொல்லிட்டாங்கய்யா. நாளைக்கும் சிவப்பு வந்தா மெஷினை அனுப்பிடணும். காத்துக்கிட்டு இருக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. இவங்க தலைக்கு இது ஒத்து வரலைன்னு முடிவு பண்ணிடுவாங்க. எனக்கே கஷ்டமா இருக்கு."

திரை அணைந்த பிறகு வயர்மேன் பெட்டியின் வயரைச் சுருட்டிக் கட்டினார். ஏலக்காவுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. சாவி, கதவு, தண்ணி, டீ. இவ்வளவு வந்திருக்கிறது. கதவு அவ்வளவு திறந்திருக்கிறது. நாளைக்கு அது சாத்திக்கொண்டால் மிச்சக் காலம் முழுக்க உள்ளே நின்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தன் தலை நல்ல தலை, பஞ்சுதான் காய்ந்த பஞ்சு என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லத் தெரிந்தால் போதும். சந்தையில் எத்தனை ஆயிரம் குறையைச் சொல்லியிருப்பாள். இந்த ஒரு குறையைச் சொல்ல முடியவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, யோசனை வந்தது.

மறுநாள் டேப்லெட் முன்னால் வந்து உட்கார்ந்தபோது அவள் மடியில் ஏலக் கட்டை இருந்தது. அலமாரியின் அடியிலிருந்து அவளே தேடி எடுத்திருந்தாள். வயர்மேன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வழக்கம் போல நனைத்தார், வழக்கம் போலத் திரும்பினார். கை வழக்கம் போலப் பிழிந்தது. கொண்டுவந்தார்.

பட்டைக்குள் வைப்பதற்கு முன்னால் ஏலக்கா அவர் கையிலிருந்து பஞ்சைப் பிடுங்கி மேஜை நடுவில் போட்டாள். எழுந்து நின்றாள். கட்டையால் மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள்.

"என்னாச்சும்மா? ஏதாவது பண்ணுதா? நிறுத்திடட்டுமா?" என்றாள் டெக்னீஷியன் பெண்.

இன்னொரு தட்டு. அதட்டல் போல விழுந்த தட்டு. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். நாக்கு ஓடி வந்து ஒரு தரத்தைச் சொல்லப் பார்த்தது. ஏலக்கா உதட்டைக் கடித்து அதைப் பிடித்து நிறுத்தினாள். இருடா, உன் முறை வரவில்லை. முதலில் சரக்கு.

"ப..." என்றாள். "பஞ்... பஞ்சு."

வயர்மேன் நிமிர்ந்து பார்த்தார். அது படத்தில் வராத வார்த்தை. யாரும் சொல்லிக் கொடுக்காத வார்த்தை.

அடுத்தது குறை. அவள் பஞ்சைப் பார்த்தாள். எத்தனையோ காலைகளில் மூட்டையைப் பார்த்த அதே பார்வை. "காஞ்ச... காஞ்ச பஞ்சு." கட்டை இப்போது வீட்டுக்காரர் பக்கம் நீண்டது. "இவரு... பிழி... பிழியறாரு." அதற்கப்புறம்தான், உரிய இடத்தில், கணீரென்று, "ஒரு தரம்."

டெக்னீஷியன் பெண் திரைக்குள்ளேயே முன்னால் சாய்ந்தாள். "ஐயா, பஞ்சைப் பிழியறீங்களா?"

வயர்மேன் திருதிருவென்று முழித்தார். "லேசா... லேசாத்தாம்மா."

"நல்லா" என்றாள் ஏலக்கா. வார்த்தை தானாக வந்து விழுந்தது, அவளே எதிர்பார்க்கவில்லை. "நல்லா பிழியறாரு. ரெண்டு தரம்."

டெக்னீஷியன் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயர்மேன் சிரிக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் பல். "போட்டுக் குடுத்துட்டா பாருங்கம்மா. என் பெண்டாட்டி என்னைப் போட்டுக் குடுத்துட்டா" என்றார். போன் எடுத்து மகளுக்கும் அதையே சொன்னார். கதவைத் திறந்து எதிர்வீட்டம்மாவுக்கும் சொன்னார். காட்டிக்கொடுக்கப்பட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு குற்றவாளியை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஐயா, அது சின்ன பேட்டரிதான். ஈரம் இருந்தாத்தான் நல்லது, காஞ்சிருந்தாத்தான் தோல் எரியும்" என்று டெக்னீஷியன் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"தெரியும்மா. புத்திக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியல."

"டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். மெஷின் எங்கயும் போகாது. இப்ப வாங்க, என் கண்ணு முன்னாலேயே நனைச்சு, அப்படியே வையுங்க. தொட்டிப் பக்கம் போகக்கூடாது."

போகவில்லை. பஞ்சைத் திரும்ப நனைத்து, நடுங்குகிற விரலால் ஏந்திக்கொண்டு வந்து வைத்தார். ஒரு சொட்டு அவள் நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. வயர்மேன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பெண் நம்பரைச் சொன்னாள், அவர் போட்டார். பழைய எறும்புகள் ஏலக்காவின் தலையில் ஊர ஆரம்பித்தன. அடேங்கப்பா, வந்துட்டீங்களா என்று மனசுக்குள் அவற்றை வரவேற்றாள்.

இனி வயர்மேன் மெயின் சுவிட்ச் பக்கம் போய் நிற்க வேண்டிய நேரம். பாதி தூரம் போனவர் நின்றார். ரப்பர் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக விட்டார். வெறுங்காலோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் தன் பெண்டாட்டியின் வலது கையை, ஈரம் காயாத தன் கையால் பிடித்துக்கொண்டார். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.

டெக்னீஷியன் பெண் முதல் படத்தைத் திரையில் காட்டினாள். ஏலக்கா அதைப் பார்க்கவில்லை. தன் கை மேல் இருந்த கையைப் பார்த்தாள். இடது கையால் கட்டையை எடுத்தாள்.

"கை" என்றாள். சரக்கு.

கொஞ்ச நேரம் தேடினாள். "நடுங்குது." குறை.

மேஜையில் கட்டை விழுந்தது.

"மூணு தரம்."